வந்தோரும் வாராதோரும்: உத்தியைச் செயற்படுத்துவதில் செயல்திறன் அளவீட்டின் இடம்

ஆய்வுச் சுருக்கம்

நிறுவனம் ஒன்று வகுத்துக்கொண்ட உத்தி அன்றாடப் பணியாக மாறுவதற்குச் செயல்திறன் அளவீடு எவ்வாறு துணைநிற்கிறது என்பதை இக்கட்டுரை விளக்குகிறது. ராபர்ட் காப்லான், டேவிட் நார்ட்டன் ஆகியோர் 1992இல் முன்வைத்த சமநிலை மதிப்பெண் அட்டையின் அடிப்படைக் கருத்து முதலில் எடுத்துரைக்கப்படுகிறது. பின்னர், மதுரை அரவிந்த் கண் மருத்துவமனையின் பட்டறிவும் அமெரிக்காவின் வெல்ஸ் பார்கோ வங்கியின் வீழ்ச்சியும் ஒப்பிடப்படுகின்றன. தன் உத்தி பிழைபட்டுள்ளது என்பதை நிறுவனத்திற்கு உணர்த்தும் ஆற்றலுடைய அளவே உத்திக்குப் பயன்படும் என்பது இக்கட்டுரையின் முடிபு. இம்முடிபு பல்கலைக்கழகத் தமிழ்த்துறைகளின் ஆய்வு மதிப்பீட்டுக்கும் பொருத்திக் காட்டப்படுகிறது.

திறவுச்சொற்கள்: உத்தி, செயல்திறன் அளவீடு, சுட்டி, சமநிலை மதிப்பெண் அட்டை, பதிலி மயக்கம், ஆய்வு மதிப்பீடு.

1. முன்னுரை

நிறுவனங்கள் பலவும் தம் குறிக்கோளை எழுதி வைத்துள்ளன. மருத்துவமனையின் வாயிலிலும் வங்கியின் ஆண்டறிக்கையிலும் பல்கலைக்கழகத்தின் கையேட்டிலும் அக்குறிக்கோள் நல்ல சொற்களில் பொறிக்கப்பட்டிருக்கும். ஆயினும் அங்குப் பணிபுரிவோர் காலையில் வந்தமர்ந்து முதலில் எதைச் செய்கின்றனர் என்பதை அக்குறிக்கோள் முடிவு செய்வதில்லை. மாத இறுதியில் மேலதிகாரி எந்த எண்ணைக் கேட்பார் என்பதே பெரும்பாலும் அதனை முடிவு செய்கிறது. எழுதப்பட்ட குறிக்கோளுக்கும் கேட்கப்படும் எண்ணுக்கும் இடையே உள்ள உறவே செயல்திறன் அளவீட்டியலின் மையச் சிக்கல் ஆகும்.

இச்சிக்கல் மேலாண்மையியலுக்கு மட்டும் உரியதன்று. தமிழாய்வுத் துறையினரும் கடந்த பதினைந்து ஆண்டுகளுக்கு மேலாகப் புள்ளிகளாலும் தரவரிசைகளாலும் இதழ்ப் பட்டியல்களாலும் அளக்கப்பட்டு வருகின்றனர். அளக்கப்படுவோர் அளவின் இயல்பை அறிந்திருத்தல் இன்றியமையாதது. அவ்வறிவைத் தமிழில் முறைப்படுத்தித் தருவது இக்கட்டுரையின் நோக்கம்.

2. சொல்லும் பொருளும்

நிறுவனம் தன் நீண்டகால நோக்கத்தை அடைய மேற்கொள்ளும் தேர்வுகளின் தொகுதியைக் குறிக்கத் தமிழில் உத்தி, செயலுத்தி, வியூகம் முதலிய சொற்கள் வழங்குகின்றன. இலங்கைத் தமிழில் மூலோபாயம் என்னும் சொல் வழக்கில் உள்ளது. வியூகம் என்பது படை அணிவகுப்பைச் சார்ந்த சொல். உத்தி என்பதோ நூல் யாக்கும் முறையைச் சார்ந்து தொல்காப்பிய மரபியலில் இடம்பெற்ற சொல். அங்கு முப்பத்திரண்டு உத்திகள் கூறப்படுகின்றன. கருதிய பொருளைக் கற்போரிடம் சேர்ப்பதற்கு நூலாசிரியன் மேற்கொள்ளும் வழிகள் அவை. கருதிய பயனை அடைய மேற்கொள்ளும் வழி என்னும் அப்பொருட்கூறு இன்றைய மேலாண்மைப் பொருளுக்கும் இசைவதால் இக்கட்டுரை உத்தி என்னும் சொல்லையே ஆள்கிறது.

அளவு, சுட்டி, இலக்கு ஆகிய மூன்றையும் வேறுபடுத்திக் கொள்ளுதல் வேண்டும். ஒரு செயலின் பெருக்கத்தையோ சுருக்கத்தையோ எண்ணால் காட்டுவது அளவு. நேரடியாக அளக்க இயலாத ஒன்றின் நிலையை வேறொன்றன் அளவால் உணர்த்துவது சுட்டி. அச்சுட்டி எய்த வேண்டும் என வரையறுக்கப்பட்ட எண் இலக்கு. காய்ச்சல்மானியின் எண், நோயின் சுட்டியேயன்றி நோயன்று. வெப்பத்தைத் தணித்து எண்ணைக் குறைத்துவிட்டால் நோய் தீர்ந்தது எனக் கருதும் மருத்துவர் இலர். ஆனால் நிறுவனங்களில் இம்மயக்கம் அடிக்கடி நேர்கிறது.

திருக்குறளின் தெரிந்துசெயல்வகை, தெரிந்துவினையாடல், வினைசெயல்வகை ஆகிய அதிகாரங்கள் செயலுக்கு முன் எண்ணவேண்டுவனவற்றையும் செயலை ஒருவரிடம் ஒப்படைக்கும் முறையையும் பேசுகின்றன. இவற்றை நவீன அளவீட்டியலின் முன்வடிவம் எனக் கூறுவது மிகையாகும். அவை ஆட்சி நடத்துவோருக்கு உரைக்கப்பட்ட அறிவுரைகள். எனினும், செயலை அதன் விளைவோடு சேர்த்தே மதிப்பிட வேண்டும் என்னும் எண்ணம் தமிழ் அறமரபுக்குப் புதியதன்று என்பதற்கு அவை சான்றாகும்.

3. உத்தியிலிருந்து அளவுக்கு

பீட்டர் டிரக்கர் 1954இல் வெளியிட்ட நூலில் குறிக்கோள்வழி மேலாண்மையை வலியுறுத்தினார். ஆயினும் அதன்பின் நெடுங்காலம் நிறுவனங்களின் அளவீடு பெரும்பாலும் நிதிக்கணக்கைச் சார்ந்தே அமைந்தது. வருவாய், இலாபம், முதலீட்டின் மீதான ஈட்டம் ஆகியவை நடந்து முடிந்தவற்றைக் கூறும் எண்கள். கடந்த காலாண்டில் வாடிக்கையாளர் மனங்கசந்து விலகத் தொடங்கியிருந்தால் அடுத்த ஆண்டின் இலாபக் கணக்கே அதனைக் காட்டும். அப்போது திருத்துவதற்குக் காலம் கடந்திருக்கும். 1987இல் வெளிவந்த நூலொன்றில் தாமஸ் ஜான்சனும் காப்லானும் நிதிக்கணக்கின் இக்குறையை விரிவாக எடுத்துக்காட்டினர். அதே ஆண்டில் அனலாக் டிவைசஸ் என்னும் மின்னணு நிறுவனத்தில் ஆர்ட் ஷ்னைடர்மன் நிதி அளவுகளோடு தரம், வழங்கும் காலம் முதலியவற்றையும் ஒரே தாளில் காட்டும் அட்டையை உருவாக்கினார்.

இம்முயற்சிகளின் தொடர்ச்சியாகக் காப்லானும் நார்ட்டனும் பன்னிரண்டு நிறுவனங்களை ஆராய்ந்து 1992இல் சமநிலை மதிப்பெண் அட்டையை அறிமுகப்படுத்தினர். 1996இல் அது நூலாக விரிந்தது. அவ்வட்டை நான்கு நோக்குநிலைகளைக் கொண்டது. நிதிநிலையில் நாம் எவ்வாறு தோன்றுகிறோம்? வாடிக்கையாளருக்கு எவ்வாறு தோன்றுகிறோம்? உள்நடைமுறைகளில் எவற்றில் சிறந்திருக்க வேண்டும்? தொடர்ந்து கற்கவும் வளரவும் நம்மால் இயலுமா? இந்நான்கு வினாக்களுக்கும் சில அளவுகளே விடையாக அமைய வேண்டும்.

இவ்வட்டையைப் பயன்படுத்திய பலர் அதனை நான்கு கட்டங்களில் எண்களை நிரப்பும் படிவமாகவே கொண்டனர். ஆசிரியர்களின் கருத்தோ வேறு. நான்கு நோக்குநிலைகளும் காரண காரியத் தொடரால் பிணைக்கப்பட்டவை. ஊழியர் திறன்பெற்றால் நடைமுறை செம்மையுறும். நடைமுறை செம்மையுற்றால் வாடிக்கையாளர் நிறைவுறுவர். அவர் நிறைவுற்றால் நிதிநிலை உயரும். எனவே உத்தி என்பது உண்மையில் ஒரு கருதுகோள். ‘இதனைச் செய்தால் அது விளையும்’ என்னும் நம்பிக்கையே அதன் உள்ளீடு. அளவுகள் அக்கருதுகோளைச் சோதிக்கும் சான்றுகள். இக்கருத்து 2004இல் அவர்கள் வெளியிட்ட உத்தி வரைபட நூலில் மேலும் தெளிவுபடுத்தப்பட்டது.

4. கருதுகோளும் சோதனையும்

சியர்ஸ் என்னும் அமெரிக்கச் சில்லறை விற்பனை நிறுவனம் 1990களில் இத்தகைய தொடரைப் புள்ளியியல் முறையில் சோதித்தது. ஊழியர் மனப்பாங்குச் சுட்டி 5 அலகு உயர்ந்தால் வாடிக்கையாளர் மதிப்பீடு 1.3 அலகு உயரும் என்றும், அதன்வழி வருவாய் வளர்ச்சி 0.5 விழுக்காடு கூடும் என்றும் 1998இல் வெளியான கட்டுரை தெரிவித்தது. நம்பிக்கையாக மட்டும் இருந்த ஓர் இணைப்பு இங்கு எண்ணால் சோதிக்கப்பட்டது.

எனினும் இவ்வாறு சோதிப்போர் சிலரே. கிறிஸ்டோபர் இட்னர், டேவிட் லார்க்கர் ஆகியோர் 157 நிறுவனங்களை ஆராய்ந்து 2003இல் வெளியிட்ட கட்டுரையின்படி, காரண காரிய மாதிரியைத் தொடர்ந்து உருவாக்கிச் சரிபார்த்தவை 23 விழுக்காடு மட்டுமே. எஞ்சிய பெரும்பான்மை நிறுவனங்கள் தாம் அளப்பது தம் நோக்கத்தோடு இயைபுடையதா என்பதை உறுதிசெய்யாமலேயே அளந்து வந்தன. மேலும், ஒருமுறை மெய்ப்பிக்கப்பட்ட இணைப்பு என்றும் நிலைத்திருக்கும் என்பதற்கும் உறுதியில்லை. சியர்ஸ் நிறுவனம் 2018 அக்டோபரில் நொடிப்பு நிலையை அறிவித்தது. அதற்குக் காரணங்கள் பல. ஆயினும், பழைய காலத்தின் தரவு புதிய காலத்தின் கடைத்தெருவுக்குப் பொருந்தும் என எவரும் உறுதிகூற இயலாது என்பது தெளிவு.

ராபர்ட் சைமன்ஸ் 1995இல் முன்வைத்த வேறுபாடு இங்குப் பயன்படும். ஒரே அளவை இருவகையில் ஆளலாம் என்பார் அவர். ஒன்று, வகுத்த வழியில் பணி செல்கிறதா எனக் கண்காணிக்கும் பயன்பாடு. எல்லாம் இயல்பாக இருக்கையில் மேலாளர் அதனைப் பாராமலும் இருக்கலாம். மற்றொன்று, வகுத்த வழியே சரிதானா என மேலாளரும் பணியாளரும் சேர்ந்தமர்ந்து உரையாடுவதற்கான பயன்பாடு. முன்னதைக் கண்காணிப்பு அளவீடு என்றும் பின்னதை உரையாடல் அளவீடு என்றும் தமிழில் வழங்கலாம். உத்தியைச் செயற்படுத்த இரண்டும் வேண்டும். பின்னது இல்லாதவிடத்து முன்னது நிறுவனத்தைத் தவறான திசையில் விரைந்து செலுத்தவும் கூடும்.

5. அரவிந்த் கண் மருத்துவமனை: வாராதோரை எண்ணுதல்

மருத்துவர் கோவிந்தப்பா வெங்கடசாமி (1918–2006) அரசுப் பணியிலிருந்து ஓய்வுபெற்றபின், 1976இல் மதுரையில் 11 படுக்கைகளுடன் அரவிந்த் கண் மருத்துவமனையைத் தொடங்கினார். தவிர்க்கத்தக்க பார்வையிழப்பை ஒழித்தல் என்பது அதன் நோக்கம். கட்டணம் செலுத்துவோர் தரும் வருவாயைக் கொண்டு, செலுத்த இயலாதோருக்கும் அதே தரத்தில் மருத்துவம் செய்தல் அதன் உத்தி. இன்றளவும் அங்கு மருத்துவம் பெறுவோருள் பாதிக்கு மேற்பட்டோர் கட்டணமின்றியோ சலுகைக் கட்டணத்திலோ பெறுகின்றனர். 1993இல் ஹார்வர்டு வணிகப் பள்ளியின் கஸ்தூரி ரங்கன் இதனைப் பற்றி எழுதிய நிகழ்வாய்வு உலகின் மேலாண்மைப் பள்ளிகள் பலவற்றில் பாடமாயிற்று.

இம்மருத்துவமனை காப்லான்–நார்ட்டன் அட்டையைக் கொண்டு உருவானதன்று. அவ்வட்டை தோன்றுவதற்குப் பதினாறு ஆண்டுகள் முன்பே இது தொடங்கிவிட்டது. எனினும் இதன் உத்தி நான்கு நோக்குநிலைகளிலும் பிணைந்து செல்வதைக் காணமுடிகிறது. கற்றல்நிலையில், கிராமப்புறப் பெண்களைத் தேர்ந்தெடுத்து ஈராண்டுப் பயிற்சியளித்துக் கண் மருத்துவத் துணைப்பணியாளர்களாக ஆக்குகின்றனர். நடைமுறைநிலையில், அறுவை அரங்கில் ஒரு மருத்துவருக்கு இரண்டு மேசைகள். ஒன்றில் அறுவை நடைபெறுகையில் மற்றொன்றில் அடுத்த நோயாளரைத் துணைப்பணியாளர் ஆயத்தப்படுத்துவர். மருத்துவர் திரும்பி அமர்ந்தவுடன் அடுத்த அறுவை தொடங்கும். இதனால் மருத்துவர் ஒருவர் ஆண்டொன்றுக்குச் செய்யும் அறுவைகளின் எண்ணிக்கை 2,000 என்னும் அளவை ஒட்டி அமைகிறது. ஒவ்வோர் அறுவைக்கும் ஆகும் செலவு குறைகிறது. செலவு குறைவதால் இலவச மருத்துவம் இயல்வதாகிறது. இங்கு விரைவு, நிதி, அறம் ஆகிய மூன்றும் ஒரே தொடரின் கண்ணிகளாக அமைகின்றன.

விரைவை மட்டும் அளந்திருந்தால் இத்தொடர் அறுந்திருக்கும். அறுவைகளின் எண்ணிக்கை ஒரு செயலளவு. நோயாளர் பெற்ற பார்வையே விளைவளவு. கண்புரையை நீக்கிய பின் உள்விழி வில்லை பொருத்தப்படாத காலத்தில் நோயாளர் தடித்த கண்ணாடியையே நம்பியிருந்தனர். அக்கண்ணாடி உடைந்தாலோ தொலைந்தாலோ அறுவை செய்துகொண்டவர் மீண்டும் பார்வையற்றவர் போலாவார். அறுவைக் கணக்கில் அவர் வெற்றி, வாழ்க்கையில் அவ்வாறன்று. உள்விழி வில்லையே தீர்வு என்பது தெளிவானபோது இறக்குமதி வில்லையின் விலை தடையாக நின்றது. 1992இல் ஆரோலேப் நிறுவப்பட்டு, ஏறத்தாழ 10 டாலர் அளவிலான விலையில் வில்லைகள் மதுரையிலேயே உருவாக்கப்பட்டன. விளைவை அளக்கத் துணிந்ததன் பயனாக மருத்துவமனை ஒன்று உற்பத்தித் தொழிலிலும் இறங்க நேர்ந்தது. அறுவைக்குப் பின் எய்திய பார்வை, நேர்ந்த சிக்கல்கள் ஆகியவற்றை மருத்துவர்வாரியாகப் பதிந்து ஆராயும் வழக்கமும் இந்நோக்கின் தொடர்ச்சியே எனலாம்.

இனி, இக்கட்டுரையின் மையமான நிகழ்வைக் காண்போம். அரவிந்தின் சமூகப் பணி ஊர்தோறும் நடத்தப்பட்ட கண் மருத்துவ முகாம்களைச் சார்ந்திருந்தது. தொடக்கக் காலத்தில், முகாமில் அறுவை வேண்டும் எனக் கூறப்பட்டவருள் பலர் மருத்துவமனைக்கு வரவில்லை. அறுவை இலவசமாக இருந்தும் அவர்கள் வாராமைக்குக் காரணம் ஆராயப்பட்டது. பேருந்துக் கட்டணம், உணவுச் செலவு, இழக்கும் கூலி, உடன்வர ஆளின்மை, அச்சம் ஆகியவை தடைகளாயிருந்தன. எனவே முகாம் முடிந்தவுடன் நோயாளரைப் பேருந்தில் அழைத்துச் சென்று, உணவும் உறைவிடமும் அளித்து, அறுவைக்குப்பின் ஊருக்கே கொண்டுவந்து சேர்க்கும் முறை வகுக்கப்பட்டது. ஓர் ஊரிலிருந்து பலர் சேர்ந்து செல்வதால் அச்சமும் தணிந்தது. இங்கு அளக்கப்பட்டது ‘எத்தனை பேருக்கு அறுவை பரிந்துரைத்தோம்’ என்பதன்று. ‘பரிந்துரைக்கப்பட்டவருள் எத்தனை பேர் வரவில்லை’ என்பதே.

முகாம்கள் பெருகின, திரண்டு வந்தோரின் எண்ணிக்கையும் பெருகியது. எந்த ஆண்டறிக்கைக்கும் பெருமை சேர்க்கும் எண்கள் அவை. ஆயினும் வேறொரு வினா எழுப்பப்பட்டது: முகாம் நடைபெறும் ஊர்களில் கண் மருத்துவம் தேவைப்படுவோர் அனைவரையும் கணக்கிட்டால், அவர்களுள் முகாமுக்கு வந்தோர் எத்தனை பேர்? முகாமில் நின்று எண்ணினால் இவ்வினாவுக்கு விடை கிடைக்காது. வீடுவீடாகச் சென்று எண்ண வேண்டும். இலண்டன் ஆய்வாளர்களும் அரவிந்தைச் சார்ந்தோரும் இணைந்து தமிழகக் கிராமங்களில் மேற்கொண்ட அவ்வாய்வு 1999இல் வெளியாயிற்று. கண் குறைபாடு உடையோருள் ஏறத்தாழ 7 விழுக்காட்டினரே முகாம்களுக்கு வந்திருந்தனர் என்பது அதன் முடிவு.

இம்முடிவு ஒரு பணியாளரின் சோர்வையோ ஒரு முகாமின் குறையையோ காட்டவில்லை. முகாம்கள் திறம்பட நடைபெற்றன. முகாமையே மையமாகக் கொண்ட உத்தியின் எல்லையைத்தான் அது காட்டியது. மேலும் பல முகாம்களை நடத்துக என இலக்கை உயர்த்தியிருந்தால் எண்கள் உயர்ந்திருக்கும். 93 விழுக்காட்டினர் வெளியிலேயே நின்றிருப்பர். மருத்துவமனையோ வழியை மாற்றியது. 2004 முதல் சிற்றூர்ப் பகுதிகளில் நிலையான பார்வை மையங்கள் தொடங்கப்பட்டன. பயிற்சிபெற்ற பணியாளர் அங்கு நோயாளரைப் பரிசோதிப்பார்; மருத்துவமனையிலுள்ள மருத்துவர் தொலைத்தொடர்பு வழியாக நோயாளரோடு பேசி முடிவு கூறுவார். ஆண்டுக்கொருமுறை வந்துசெல்லும் முகாமின் இடத்தில், ஆண்டு முழுவதும் ஊரருகே திறந்திருக்கும் வாயில் அமைந்தது.

இந்நிகழ்விலிருந்து பொதுவான கோட்பாடு ஒன்றை வருவிக்கலாம். அளவுகள் இருவகைப்படும். நிறுவனத்தின் வாயிலுக்குள் வந்தவற்றை எண்ணுவது அகவாயில் அளவு. வந்திருக்க வேண்டியவற்றை முழுமையாகக் கணக்கிட்டு, அவற்றுள் வந்தவை எத்தனை என நோக்குவது புறவாயில் அளவு. முன்னது எளிது; செலவற்றது; பெரும்பாலும் மகிழ்ச்சி தருவது. பின்னது அரிது, செலவு மிக்கது, பெரும்பாலும் வருத்தந் தருவது. முன்னது பணியாளர் உழைக்கின்றனரா எனக் காட்டும். பின்னது அவ்வுழைப்பு நோக்கத்தைச் சென்றடைகிறதா எனக் காட்டும். உத்தி பிழைபடக்கூடும் என்பதை ஏற்கும் நிறுவனமே பின்னதைத் தேடிச் செல்லும்.

6. அளவே உத்தியாகும் நிலை

இதற்கு மறுதலையான நிலையை வெல்ஸ் பார்கோ வங்கியின் வரலாறு காட்டுகிறது. வாடிக்கையாளரோடு நீடித்த உறவை வளர்ப்பது அவ்வங்கி அறிவித்த உத்தி. அவ்வுறவை நேரடியாக அளக்க இயலாது. ஆதலால் ஒரு வாடிக்கையாளர் அவ்வங்கியில் வைத்துள்ள கணக்குகள், அட்டைகள், கடன்கள் ஆகியவற்றின் எண்ணிக்கை உறவின் சுட்டியாகக் கொள்ளப்பட்டது. வாடிக்கையாளர் ஒருவருக்கு எட்டு என்பது முழக்கமாயிற்று. கிளை ஊழியருக்கு நாள்தோறும் விற்பனை இலக்கு விதிக்கப்பட்டது. ஊக்கத்தொகையும் வேலையும் அதனைச் சார்ந்திருந்தன.

விளைவு 2016 செப்டம்பரில் வெளியாயிற்று. வாடிக்கையாளரின் ஒப்புதலின்றி ஏறத்தாழ 20 இலட்சம் கணக்குகள் தொடங்கப்பட்டிருக்கலாம் எனக் கண்டறியப்பட்டு, வங்கிக்கு 18.5 கோடி டாலர் தண்டம் விதிக்கப்பட்டது. இம்முறைகேடுகளுக்காகச் சில ஆண்டுகளில் ஏறத்தாழ 5,300 ஊழியர் பணிநீக்கம் செய்யப்பட்டிருந்தனர். அடுத்த ஆண்டில் அக்கணக்குகளின் மதிப்பீடு 35 இலட்சமாக உயர்ந்தது. 2020இல் வங்கி 300 கோடி டாலர் செலுத்தி வழக்குகளை முடித்துக்கொண்டது. உறவின் சுட்டியை உயர்த்தும் முயற்சியில் உறவே அழிந்தது.

சுட்டி தான் சுட்டும் பொருளின் இடத்தைக் கவர்ந்துகொள்ளும் இந்நிலையைப் பதிலி மயக்கம் எனலாம். பொருளியலார் சார்லஸ் குட்ஹார்ட் 1975இல் பணக்கொள்கை பற்றிய ஆய்வில் இதனையொத்த கருத்தைக் கூறினார். மானிடவியலார் மெரிலின் ஸ்ட்ராதர்ன் 1997இல் பிரித்தானியப் பல்கலைக்கழகங்களின் தணிக்கையைப் பற்றி எழுதுகையில் அதனைப் பொதுவிதியாக்கினார். ஓர் அளவு இலக்காக மாறும்போது நல்ல அளவாக இருக்கும் தன்மையை அது இழக்கிறது என்பது அவ்விதியின் சாரம். அவ்விதி இன்று பரவலாக அறியப்படும் வடிவத்தைப் பெற்றது பல்கலைக்கழகத்தைப் பற்றிய ஆய்விலேயாகும் என்பது நம் கருத்திற்குரியது.

அரவிந்துக்கும் வெல்ஸ் பார்கோவுக்கும் உள்ள வேறுபாடு நல்லெண்ணத்தின் மிகுதி குறைவு மட்டுமன்று. இரண்டும் எண்களை நெருக்கமாகக் கவனித்த நிறுவனங்களே. வங்கியில் எண் குறைந்தால் ஊழியர் தண்டிக்கப்பட்டனர். ஆதலின் எண் மெய்யைக் கூற இயலாததாயிற்று. மருத்துவமனையில் 7 விழுக்காடு என்னும் எண் எவர்மீதும் குற்றமாகச் சுமத்தப்படவில்லை. அது உத்தியைப் பற்றிய செய்தியாகக் கொள்ளப்பட்டது. வங்கி ஒரே சுட்டியைச் சார்ந்திருந்தது. மருத்துவமனை எண்ணிக்கையோடு விளைவையும் எட்டப்படாதோரையும் சேர்த்து நோக்கியது.

7. தமிழ்த்துறைகளின் ஆய்வு மதிப்பீடு

மேற்கண்ட வேறுபாடு தமிழாய்வு உலகுக்கு நேரடியாகப் பொருந்துவதாகும். தேசிய மதிப்பீட்டு மற்றும் தரச்சான்றுக் குழு 1994இல் நிறுவப்பட்டது. பல்கலைக்கழக மானியக்குழு 2010இல் வெளியிட்ட நெறிமுறைகள் ஆசிரியரின் பதவி உயர்வைக் கல்விச் செயல்பாட்டுப் புள்ளிகளோடு இணைத்தன. தேசியத் தரவரிசைக் கட்டமைப்பின் முதல் பட்டியல் 2016இல் வந்தது. ஆய்வின் தரத்தை உயர்த்துவது இவற்றின் உத்தி. வெளியிட்ட கட்டுரைகளின் எண்ணிக்கை அதன் சுட்டிகளுள் ஒன்று. அச்சுட்டி பதவியோடு பிணைக்கப்பட்டவுடன், கட்டணம் பெற்றுக்கொண்டு எதையும் வெளியிடும் இதழ்கள் பெருகின. 2018 மே மாதத்தில் மானியக்குழு தன் ஏற்புப் பட்டியலிலிருந்து 4,305 இதழ்களை நீக்க நேர்ந்தது. அதே ஆண்டின் இறுதியில் கேர் பட்டியல் அறிவிக்கப்பட்டது. 2025 பிப்ரவரியில் அதுவும் கைவிடப்பட்டு, இதழ்களைத் தெரிவுசெய்வதற்கான பரிந்துரை அளவுகோல்கள் முன்வைக்கப்பட்டன. பட்டியலை மாற்றுவது மருந்தை மாற்றுவது போன்றது. எண்ணிக்கையை இலக்காக்கும் நோய்க்காரணம் அவ்வாறே எஞ்சுகிறது.

தமிழியலின் சிறந்த பணிகள் சில இவ்வளவுகோலுக்குள் அடங்காதவை. சென்னைப் பல்கலைக்கழகத் தமிழ்ப் பேரகராதிப் பணி 1913இல் தொடங்கியது. முதற்பகுதி வெளிவந்தது 1924இல்தான். 1936இல் ஆறு தொகுதிகளும் நிறைவுற்றன; பிற்சேர்க்கை 1939இல் முடிந்தது. முதற் பதினோராண்டுகளில் இப்பணியை வெளியீட்டு எண்ணிக்கையால் அளந்திருந்தால் விடை சுழியமாகவே இருந்திருக்கும். ஒருபகுதியும் அச்சேறுமுன்பே பணி நிறுத்தப்பட்டிருக்கவும் கூடும். இதற்காக அப்பணியை அளக்கவே கூடாது என்பது பொருளன்று. தொகுக்கப்பட்ட சொற்சீட்டுகள், ஒப்புநோக்கப்பட்ட நூல்கள், இன்னும் நோக்கப்படாத நூல்கள் ஆகியவை அதற்குரிய அளவுகள். பணியின் இயல்பிலிருந்து அளவு பிறக்க வேண்டும்.

எடுத்துக்காட்டாக, அச்சேறாத சுவடிகளைப் பதிப்பிப்பதை ஒரு தமிழ்த்துறை தன் உத்தியாகக் கொள்வதாகக் கருதலாம். ஆண்டுக்கு எத்தனை கட்டுரைகள் என்பது அதன் அகவாயில் அளவு. இதனைக் கைவிட வேண்டியதில்லை. இதனோடு நிற்பதே தவறு. அத்துறை புறவாயில் வினாக்களையும் எழுப்ப வேண்டும். நம் எல்லைக்குட்பட்ட சுவடிகளுள் இன்னும் பட்டியலிடப்படாதவை எத்தனை? நம் பதிப்பைப் பிற ஆய்வாளர் மூலபாடமாகக் கொண்டுள்ளனரா? ஐந்தாண்டுகளுக்குமுன் பயின்ற மாணவருள் இன்று பிறர் துணையின்றிச் சுவடி படிக்கவல்லார் எத்தனை பேர்? இவற்றுள் மூன்றாம் வினா கற்றல்நிலையைச் சார்ந்தது. காரண காரியத் தொடரில் முதற்கண்ணி. படிக்கவல்லார் இல்லையெனில் பதிப்பும் இல்லை. தரவரிசைப் படிவம் இவ்வினாவைக் கேட்பதில்லை என்பது துறை தன்னைத்தானே கேட்டுக்கொள்வதற்குத் தடையாகாது.

இவ்வினாக்களுக்குரிய விடைகளை எவருடைய பதவி உயர்வோடும் நேரடியாகப் பிணைக்காதிருத்தல் நன்று. பருவத்துக்கொருமுறை துறையினர் கூடி உரையாடுவதற்கு அவை அடிப்படையாகலாம். விடை குறைவாக இருப்பின் ‘யார் பொறுப்பு’ என்பதற்குமுன் ‘நம் வழி சரிதானா’ என்பது கேட்கப்பட வேண்டும். அளப்போரும் அளக்கப்படுவோரும் ஒருவரேயாக அமையும் இத்தகைய அளவீட்டில் எண்ணைப் பொய்க்கச் செய்வதால் எவருக்கும் பயனில்லை.

8. முடிவுரை

இவ்வாய்வின்வழிப் பெறப்படும் முடிபுகள் வருமாறு:

• உத்தி என்பது ஒரு கருதுகோள். செயல்திறன் அளவு அதனைச் சோதிக்கும் சான்று. சோதிக்கும் ஆற்றலற்ற அளவு வெறும் கணக்கேயாகும்.

• அளவுகளைக் காரண காரியத் தொடராக இணைப்பதே சமநிலை மதிப்பெண் அட்டையின் உயிர்நாடி. அவ்விணைப்பு சரிபார்க்கப்படுதல் வேண்டும். காலந்தோறும் புதுப்பிக்கப்படுதலும் வேண்டும்.

• அகவாயில் அளவு உழைப்பையும், புறவாயில் அளவு அவ்வுழைப்பின் எல்லையையும் காட்டுகின்றன. அரவிந்த் கண் மருத்துவமனையின் உத்தி மாற்றத்திற்குப் பின்னதே வழிவகுத்தது.

• ஒரே சுட்டியைத் தண்டனையோடும் பரிசோடும் பிணைப்பது பதிலி மயக்கத்திற்கு இடந்தருகிறது. வெல்ஸ் பார்கோ வங்கியும், வெளியீட்டு எண்ணிக்கையைச் சார்ந்த ஆய்வு மதிப்பீடும் இதற்குச் சான்றுகள்.

• தமிழ்த்துறைகள் வெளியிலிருந்து விதிக்கப்படும் அளவுகளுக்கு விடையளிப்பதோடு, தம் உத்திக்குரிய அளவுகளைத் தாமே வகுத்துக்கொள்ளுதல் வேண்டும்.

வந்தோரை எண்ணுதல் எளிது. வாராதோரை எண்ணப் புறப்படும் நிறுவனம், தான் செல்லவேண்டிய தொலைவை அறிந்துகொள்கிறது.